டத்தோ குப்புசாமியைத் தேடிய மண்டோர்

ஈப்போ டவுனிலிருந்து மலையடியில் இருக்கும் அந்த ஆற்றுக்குக் குளிக்கப் போனவர்களில் மண்டோரிடம் திட்டு வாங்காத ஆளே கிடையாது. வாங்கவில்லை என்று யாராவது சொன்னால் அவர் குளிக்கவே போகவில்லை என்று அர்த்தம்.

மனிதர் பழைய ரப்பர் தோட்டத்து மேற்பார்வையாளர். ரப்பர் போய் செம்பனை வந்தும், காலையில் ஆள் கூப்பிடும் 'பெரட்டை' மட்டும் அவர் விடவில்லை. நோட்டும் கையுமாக ஆற்றங்கரையில் நிற்பார். இறங்குகிறவன் பெயர் சொல்ல வேண்டும், ஏறுகிறவன் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ரப்பர் படகு விட வந்த வெள்ளைக்காரர்களையும் வரிசையில் நிறுத்தி "நேம்? நேம்?" என்றார். அவர்களும் நின்றார்கள்!

"என்னண்ணே இது, வெயில் கொளுத்துது, தண்ணி முட்டிக்காலு வரைக்கும்தான் இருக்கு" என்றேன்.

"இங்க வெயிலு. மேல திதிவங்சா மலையில மழை பேஞ்சா உனக்குப் போன் போட்டா சொல்லும்? தண்ணி தேத்தண்ணி கலருக்கு மாறி, சருகு மெதந்து வந்துச்சுன்னா ஓடிறணும்லா. பேரு?"

பக்கத்தில் நண்பன் நின்றான். எனக்குக் கொழுப்பு.

"டத்தோ குப்புசாமி."

டத்தோ என்றால் சுல்தான் கையால் பட்டம் வாங்கிய பெரிய மனிதர். மண்டோர் பதறிப்போய் எழுதி, அடிக்கோடும் போட்டார். "டத்தோ, பாறை வழுக்கும், பாத்து எறங்குங்க."

நண்பன் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்து முங்கிவிட்டான். குளித்து முடித்ததும் அவன் ஒழுங்காகச் சொல்லிவிட்டு ஏறினான். நான் மூங்கில் புதர் வழியாக நழுவி, மாமாக் சாப்பாட்டுக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. நாங்கள் போன கொஞ்ச நேரத்தில் மலைத்தண்ணீர் திரண்டு வந்திருக்கிறது. மண்டோர் அத்தனை பேரையும் கரையேற்றி, பெயர் கூப்பிட்டிருக்கிறார். ஒரே ஒரு ஆள் பதில் சொல்லவில்லை. "டத்தோ! டத்தோ!" என்று கத்திக்கொண்டே வெள்ளத்தில் இறங்கியவரை ஒரு மரக்கட்டை அடித்துப்போட்டது. படகுப் பையன்கள்தான் இழுத்துப் போட்டார்களாம்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். காலில் கட்டு. என்னைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"டத்தோ! எங்க ஏறுனீங்க?"

வெட்கத்தில் செத்தேன். "நான் டத்தோ இல்லண்ணே. வெளையாட்டுக்குச் சொன்னேன். பேரு முருகையா."

அறைவார் என்று நின்றேன். அவர் தலையணைக்கு அடியிலிருந்து நனைந்து உப்பிய நோட்டை எடுத்து, டத்தோ பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார்.

"ஆளு ஏறியாச்சு. போதும்லா."

இப்போது எந்த ஆற்றில் குளித்தாலும், ஏறியதும் அவருக்குப் போன் போட்டு என் சொந்தப் பெயரைச் சொல்கிறேன். திட்டுவார். அதைக் கேட்ட பிறகுதான் தலை துவட்டுகிறேன்.