காப்பகத்துக்கு ஒரு புது ஆணி

"லைசென்ஸ் நம்பர் இல்லாம புகார் எழுத முடியாது சார்," என்றது போனில் குழந்தைகள் நல அலுவலகத்துப் பெண்குரல். "எந்தக் காப்பகம்?"

"பச்சை கேட் போட்டதுங்க. ஒரே ஒரு அம்மா, பதினாறு குழந்தைங்க. டிவியைப் போட்டு உக்கார வெச்சுட்டு, கதவைப் பூட்டிடறாங்க. நேத்து என் பொண்ணு யார் சட்டையையோ போட்டுக்கிட்டு வந்தா!"

"நம்பர் உள்ளே சுவத்துல மாட்டியிருக்கும். பாத்துச் சொல்லுங்க. நான் நேர்ல வர்றேன். போன் எடுக்கறதும் நான்தான், போய்ப் பாக்கறதும் நான்தான். இங்க ஆள் பத்தலை."

"என் பேரு வெளிய வராதே?"

"மூச்சு விட மாட்டேன்."

புகார் சொன்னவருக்கு வீட்டில் 'உஷார்' என்று பட்டப்பெயர். பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு முறை படிப்பவர். மூன்று வயது மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"அதை இழுத்து மூடிட்டா புள்ளையை எங்க விடறது?" என்றாள் மனைவி. "பக்கத்துல இருக்கறது அது ஒண்ணுதான்."

"மூட மாட்டாங்க. இன்னொரு ஆளைப் போடச் சொல்லுவாங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட காரியங்கள் எப்படி முடிந்தன என்பது மனைவிக்கு மனப்பாடம்.

மறுநாள் மகளை விட வந்தவர், அவளோடு விளையாட்டு அறைக்குள்ளேயே நுழைந்தார். சட்டம் போட்ட லைசென்ஸ், அலமாரிக்கு மேலே, கூரையை ஒட்டித் தொங்கியது. குட்டி நாற்காலியில் ஏறி எட்டிப் பிடித்தார். சட்டம் ஆணியோடு கையில் வந்தது.

"என்னங்க பண்றீங்க?" வாசலில் காப்பகத்து ஆன்ட்டி.

"கோ... கோணலா இருந்துச்சு. நேராக்கலாம்னு..."

ஆன்ட்டிக்குக் கோபமே வரவில்லை. "என்ன நல்ல மனசு! புது ஆணி வாங்கிட்டு வந்துடறேன். பத்து நிமிஷம் இதுங்களைப் பாத்துக்குங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டி தெருவில் இருந்தாள்.

எண்ணினார். பதினாறு. ஒருவன் வாசலுக்கு ஓடினான். பிடித்து இழுத்துவந்து கதவைப் பூட்டினார். பூட்டிய சத்தத்தில் ஒன்று அழுதது. அதைப் பார்த்து ஒன்பது அழுதன. ஒருத்தி தலையோடு தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்ள, கைக்கு அகப்பட்ட சட்டையை மாட்டிவிட்டார். வேறு வழி தெரியாமல் டிவியைப் போட்டார்.

கப்சிப். அந்த அமைதியில் மறுபடி எண்ணினார். பதினைந்து!

முதலில் தன் மகளைத் தேடினார், இருந்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டதற்காக அடுத்த நொடியே வெட்கப்பட்டார். அப்போது கதவு தட்டப்பட்டது.

அடையாள அட்டையோடு ஒரு பெண். பேசியதும் அதே போன் குரல். எண் சொல்லாமலே எப்படி வந்தார் என்று உஷாராக யோசிக்க அவருக்கு அவகாசமில்லை.

"மேடம், நல்ல வேளை! ஒரு குழந்தையைக் காணோம்!"

அதிகாரி பதறவில்லை. காகிதத்தைப் பிரித்தார். "ஒரே ஆள், சரி. டிவி, சரி. பூட்டின கதவு, சரி. அந்தப் பொண்ணு போட்டிருக்கறது பையன் சட்டை, சரி. புகார் எழுத்துக்கு எழுத்து உண்மை. நீங்க பயிற்சி எடுத்தவரா?"

"ஐயோ, புகார் கொடுத்ததே நான்தாங்க!"

"கொடுத்தவர் பேரே சொல்லலைன்னு எழுதியிருக்கு. அனுமதி இல்லாம குழந்தைங்களைப் பாத்துக்கிட்டதா உங்க மேல எழுதட்டுமா? இல்ல, இங்க ஒரு குறையும் இல்லைன்னு கையெழுத்துப் போடறீங்களா?"

உஷார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் உள்ளேயிருந்து இறங்கி, நேரே அதிகாரியின் காலைக் கட்டிக்கொண்டான்.

"அம்மா, நம்பர் பாக்க ஒருத்தர் வருவாருன்னு நேத்து ஆன்ட்டிக்கு போன் பண்ணிச் சொன்னியே, அது இந்த அங்கிள்தானா?"