நாலாவது கொரோனாவும் பின்னறையும்

கொரோனா நாலாவது முறையாக வந்து சேர்ந்த அன்று காலை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். இந்தத் தடவை முழு மரியாதையோடு படுப்பது.

காரணம் இருந்தது. தடுப்பூசி அத்தனையும் தவறாமல் போட்டுக்கொண்டவர் அவர். அதனால் வருகிற கொரோனாவெல்லாம் லேசாகவே வந்தது. கூடவே நோயாளிக்குரிய மரியாதையும் லேசாகிக்கொண்டே போனது. முதல் தடவை சொந்தபந்தமெல்லாம் போனில் தேம்பியது. இரண்டாவது தடவை அக்கா மட்டும், "பாத்துக்கடா" என்றாள். மூன்றாவது தடவை மனைவி, "மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு அந்த வெங்காயத்தை உரிங்க. உங்களுக்குத்தான் வாசனையே தெரியலையே, கண்ணு எரியாது" என்றாள்.

எரிந்தது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஊரே அவள் முகத்தில் இருமிவிட்டுப் போகும். அவளுக்கு மட்டும் ஒரு தடவைகூடத் தொற்றியதில்லை. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தம்தான்.

"ரெண்டு கோடு. நல்லாப் பாத்துக்க" என்று சோதனைப் பட்டையை நீட்டினார்.

"பாத்தேன். ரெண்டாவது கோடு உங்களை மாதிரியே இருக்கு. வீட்டுல இருக்கா இல்லையான்னு தேட வேண்டியிருக்கு."

"கோடுன்னா கோடுதான். எனக்கு ரெஸ்ட் வேணும்."

"உங்களுக்கு என்ன, தொழிலும் லென்ஸு, நோயும் லேசு. போங்க, பின்ரூமுக்கு."

பின்னறை சொர்க்கம். காற்று வருகிற ஜன்னல், மெத்தை, கையில் போன். வேளாவேளைக்குக் கதவருகே தட்டு. அவள் நாளெல்லாம் கடையில் நின்றுவிட்டு வந்து, அடுப்படியிலும் நின்றாள். அவர் படுத்துக்கொண்டே அதைக் கேட்டார். பாத்திரச் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது.

வாரம் முடிவதற்குள் தொண்டை தெளிந்துவிட்டது. ரகசியமாக ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒற்றைக் கோடு. பகீரென்றது. பட்டையைப் பழைய பேப்பரில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் புதைத்துவிட்டு, கதவுப் பக்கம் திரும்பிக் கணீரென்று இருமினார். அந்தக் கூடையைத் தினமும் கொட்டுகிறவள் யார் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

"யாரு?"

"நான்தான். எனக்கும் வந்துருச்சு."

"டெஸ்ட் பண்ணியா?"

"பண்ணாமயா? உங்களுது மாதிரி மங்கல் இல்ல. பளிச்சுன்னு ரெண்டு கோடு."

"எங்க, காட்டு."

"தொத்துப் பொருளை வெச்சு அழகு பாக்கவா முடியும்? தூக்கிப் போட்டாச்சு. நகருங்க. பழைய நோயாளி வெளிய, புது நோயாளி உள்ள."

தலையணையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியத்துக்குள் கண்ணாடிக்காரர் அடுப்படியில் நின்றார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. போனில் தங்கையிடம், "ஜம்முன்னு இருக்கேன்டி" என்கிறாள்!

கரண்டியும் கையுமாகப் பால்கனிக்கு ஓடினார். பக்கத்து வீட்டு வக்கீல் அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், என் சம்சாரத்துக்குக் கொரோனா இல்ல. நடிக்கிறா."

"ஆதாரம்?"

"சிரிக்கிறா."

"சிரிச்சா குத்தமா? டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. ஆனா உங்களையும் எடுக்கச் சொல்லுவாங்க. உங்களுக்கு இன்னும் இருக்கா?"

கண்ணாடிக்காரர் கரண்டியைப் பார்த்தார்.

"புரிஞ்சுது" என்றார் வக்கீல். "ரெண்டு பக்கமும் பொய்யா இருக்கிற கேஸ்ல, முதல்ல வாயைத் திறக்கிறவன்தான் மாட்டுவான். பேசாமப் போய்ச் சமைங்க."

மனசு கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் புது சோதனைப் பட்டை ஒன்றை வைத்தார்.

"என்னங்க இது, தொட்டுக்கவா?"

"சும்மாதான். இன்னொரு தடவை பாத்துரலாமேன்னு..."

"ஒண்ணுதானே இருக்கு? உங்களுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்போம்."

"வேண்டாம், விடு. மூக்கு எரியும்."

"எனக்கும் அதான் தோணுச்சு." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "குழம்புல உப்பு அள்ளிக் கொட்டியிருக்கீங்க."

அவர் துள்ளிக் குதித்தார். "ருசி தெரியுதா? கொரோனான்னா ருசி தெரியாதே!"

"தெரியாமப் போயிருந்தாத் தப்பிச்சிருப்பேன். எனக்கு அந்தக் குடுப்பினை இல்ல."

அப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. கடையில் லென்ஸ் தேய்த்தார், வீட்டில் சட்டி தேய்த்தார். கால் வலித்தது. இவள் இத்தனை வருஷமும் எப்படி நின்றாள் என்று ஒரு நாள் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்று யோசித்தார். யோசித்ததில் ஒரு தட்டு உடைந்தது.

ஒரு வழியாக அவள் வெளியே வந்தாள். நன்றாகத் தூங்கி முகம் பளபளவென்றிருந்தது. நாளைக்கு வேலைக்குப் போகிறேன் என்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வீரம் அவருக்கு அப்போது பொங்கியது. இனி இவள் வாயில் கொரோனா என்ற பேச்சே வரக்கூடாது.

"இப்ப எடுப்போம் டெஸ்ட்டு. ரெண்டு பேரும். எதிரெதிர உக்காந்து."

"எதுக்குங்க? அதான் சரியாயிருச்சே."

"பயமா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு பட்டைகள் சாப்பாட்டு மேஜையில் ஏறின. அவருடையதில் ஒற்றைக் கோடு. "பாத்தியா!" என்று வெற்றிக் களிப்போடு அவளுடையதைத் திருப்பினார்.

இரண்டு கோடு. மையால் இழுத்த மாதிரி.

அவள் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உண்மையிலேயே திகைத்துத்தான் போனாள். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறை வாசலில் நின்று சொன்னாள்:

"இத்தனை நாளா நடந்தது ஒத்திகைங்க. நிஜம் இப்பத்தான் ஆரம்பிக்குது. போய்ச் சுடுதண்ணி வைங்க."