வளைகாப்புக்கு வந்த வைத்தியர்

எந்த வளைகாப்பு வீட்டிலும் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார், இலையில் புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் இருக்கும்போதே தேங்காய்ச் சாதம் இன்னும் வரவில்லையா என்று கேட்பார், கர்ப்பிணியின் கன்னத்தில் யார் சந்தனம் பூசினாலும் பூசிய விதம் சரியில்லை என்பார். மருத்துவம் படித்தவர் அல்லர். படித்தவர்களுக்கு இவ்வளவு தைரியம் வராது. இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் வளைகாப்பு வைத்தியர்.

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தம்போயில் எங்கள் குடும்பத்துக்கு வாய்த்தவர் ராஜசேகரன் மாமா. வாயைத் திறந்தால் "மூணு பிள்ள பெத்தவன் நான்" என்றுதான் தொடங்குவார். பெற்றது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேச்சியம்மாள் அத்தை. மூன்று பிரசவத்தின்போதும் மாமா சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை இதையெல்லாம் சபையில் சொல்ல மாட்டார். அப்பளத்தை மட்டும் கொஞ்சம் பலமாக நொறுக்குவார்.

என் சித்தப்பா மகள் பிரேமலாவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. அடுத்த செவ்வாய் கிளினிக்கில் ஊசி போடப் போகிறேன் என்று அவள் சொன்னதுதான் தாமதம், மாமா இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு ஊசியா? எதுக்கு?"

"கக்குவான் இருமலுக்கு மாமா. பிள்ளைக்கு ரெண்டு மாசத்துலதான் முதல் ஊசியாம். அதுக்கு முன்னாடி இந்த இருமல் வந்தா மூச்சே நின்னுடலாமாம். இப்ப நான் போட்டுக்கிட்டா வயித்துல இருக்கறப்பவே அதுக்குப் பாதுகாப்பு போய்ச் சேந்துடும்."

"கக்குவானா? அதெல்லாம் ரப்பர் எஸ்டேட் காலத்தோட போச்சு லா."

ஏன் போனது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த நோயே அலுத்துப்போய் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது என்பது அவர் எண்ணம். இடையில் ஊசி என்று ஒன்று வந்த செய்தியை அவருடைய வாட்சப் குழுவில் இன்னும் யாரும் அனுப்பவில்லை. ஆனால் தம் வீட்டு நாய்க்கு ஊசி போடும் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருப்பார். நாய் விஷயத்தில் விளையாட முடியுமா?

"வேணாம்னு சொல்லல. ஆனா வளையல் ஏறின கையில ஊசி குத்தக்கூடாது. கழட்டினப்புறம் போட்டுக்க."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், வாயில் ஜாங்கிரி இருந்தது. எங்கள் குடும்பத்தில் வளையலைக் கழற்றுவது பிரசவத்துக்குப் போகும்போதுதான். ஊசி போட வேண்டியதோ அதற்குப் பல வாரங்களுக்கு முன். இது ஒருவருக்கும் அப்போது உறைக்கவில்லை. அந்தச் செவ்வாயும் போயிற்று, அதற்கடுத்த செவ்வாயும் போயிற்று.

மூன்றாவது வாரம் பிரேமலா யாரிடமும் சொல்லாமல் கணவன் ரூபேந்திரனோடு கிளினிக்குக்குப் போனாள். தயங்கித் தயங்கி வளையல் சங்கதியைச் சொன்னாள். தாதி சாந்தினி இதுபோல எத்தனையோ கேட்டவர் போலும், சிரிக்கக்கூட இல்லை.

"வளையல் இங்க இருக்கு, ஊசி மேல தோள்கிட்ட. ரெண்டுக்கும் சண்டையே இல்ல லா. இன்னும் தள்ளிப் போட்டா உங்க பிள்ளைக்குத்தான் பாதுகாப்பு போய்ச் சேர நாள் பத்தாது."

அரை நிமிட வேலை. மறுநாள் கை கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான்.

பெண் குழந்தை பிறந்தது. இருபதாம் நாள் மாமா பார்க்கக் கிளம்பினார். அத்தையோடு நானும் அவர் காரில் தொற்றிக்கொண்டேன். வாசலில் இறங்கியதும் பழப் பையைப் பிடித்தபடியே மறுபடியும் இருமத் தொடங்கினார். ஒன்று இரண்டோடு நிற்கிற இருமலா அது? முகம் சிவந்து, குனிந்து, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"தூசி லா. பக்கத்து ஒர்க்‌ஷாப்ல பெயிண்ட் அடிக்கறானுங்க."

"மூணு வாரமாவா அடிக்கறாங்க?" என்றார் அத்தை.

பிரேமலா கதவைத் திறக்கவில்லை. "மொதல்ல கிளினிக்ல காட்டுங்க மாமா. இருமல் முழுசா நின்னப்புறம் வாங்க."

இப்போதுதான் இந்த இனத்தின் முழுத் திறமை வெளிப்படும். அவள் ஊசி போட்டுக்கொண்ட கதை அதற்குள் குடும்பம் முழுக்கத் தெரிந்திருந்தது.

"நீதான் ஊசி போட்டுக்கிட்டியே, அப்புறம் பிள்ளைக்கு என்ன பயம்? கதவத் தொற."

ஊசியின்மேல் இத்தனை நம்பிக்கை அதைப் போட்ட சாந்தினிக்கே இருந்திருக்காது.

"ஊசி பிள்ளைக்காகப் போட்டது மாமா. நீங்க வந்து இருமறதுக்கு அது லைசென்ஸ் இல்ல."

கதவு திறக்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வழியெல்லாம் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வந்தவன் நான்.

மாமா இப்போது போகிற விசேஷத்திலெல்லாம் இதையே சொல்கிறார். பழத்தோடு போன பெரிய மனிதனை வாசலோடு அனுப்பிவிட்டாளாம். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். நீங்களும் கொஞ்சம் உச்சுக்கொட்டினீர்கள்தானே? இருமல்தானே, ஐந்து நிமிடம் உள்ளே விட்டிருக்கலாமே என்று தோன்றியதுதானே? நல்லது. இந்த வாரம் யார் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போகிறீர்கள்? போன் நம்பரைக் கொடுங்கள். முன்கூட்டியே கதவைப் பூட்டி வைக்கச் சொல்லிவிடுகிறேன்.