கீச்சு நின்ற புதன்கிழமை

"உன் வண்டி வர்றது சர்ச்சுல போதகருக்கே கேக்குது! பிரசங்கத்தை நிறுத்திட்டு 'நைவோ வந்துட்டான்'னு அறிவிக்காததுதான் பாக்கி!"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பகோலி பொரிந்து தள்ளினாள். இந்தப் பக்கம் நைவோ, தானே கீச்சிட்டவன் மாதிரி தலைகுனிந்து நின்றான்.

அவனுடைய டாக்சிக்கு அவனைவிட வயது அதிகம். இறக்கம் வந்தால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருள விடுவது அந்தனனரிவோ நகரத்து டாக்சிக்காரர்களின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். புதன்கிழமைதோறும் நைவோவும் பகோலி வீட்டு இறக்கத்தில் பூனை மாதிரிதான் இறங்குவான். ஆனால் வாசலில் பிரேக்கை மிதித்ததும் பின்சக்கர பிரேக் டிரம்மிலிருந்து ஒரு கீச்சு கிளம்பும். குன்று முழுக்கக் கேட்கும்.

"உங்கப்பாவுக்குத்தான் காது மந்தமாச்சே?"

"அவருக்கு மந்தம். ஊருக்குமா மந்தம்? எவளாவது அவர் காதுகிட்ட வந்து கத்திச் சொல்லிட்டா?"

அதுதான் பயம். பையன் வீட்டார் நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்து முறைப்படி பெண் கேட்கும்வரை, பெண்ணின் அப்பாவுக்கு எதுவும் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் பையனைத் துரத்தியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு மரியாதை இல்லை. நைவோவின் பெரியப்பாவோ அறுவடை முடியாமல் பெண் கேட்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை ஓட்டியாக வேண்டும்.

நல்ல வேளையாக, பகோலியின் அப்பா ரசோலோவுக்கு ஒரு வருடமாகக் காதில் கோளாறு. சில நேரம் கேட்கும், சில நேரம் இடி விழுந்தாலும் கேட்காது. நைவோ வரும் நேரமெல்லாம், கடவுள் புண்ணியத்தில், கேட்காத நேரமாகவே அமைந்தது.

"அடுத்த புதன் சத்தமில்லாம வா. இல்லேன்னா வராதே," என்று சொல்லிவிட்டுப் பகோலி உள்ளே போய்விட்டாள்.

நைவோ நேராக ஸாஃபியிடம் போனான். ஸாஃபி மெக்கானிக் இல்லை, மெக்கானிக் கடைக்குப் பக்கத்தில் முடி வெட்டுகிறவன். அதனாலேயே எல்லாம் தெரிந்தவன்.

"டிரம்முக்குள்ள தூசி மச்சான். கழட்டித் துடைச்சா முடிஞ்சுது."

ஜாக்கி போட்டு வீலைக் கழற்றினார்கள். டிரம் அசையவில்லை. உள்ளேயிருந்து பிரேக் ஷூ அதைக் கவ்விப் பிடித்திருந்தது. முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும் என்பது இருவருக்கும் தெரியாது. சுத்தியலுக்கும் தெரியாது. இருபதாவது அடியில் டிரம் கழன்றது. கூடவே ஒரு ஸ்பிரிங் பறந்து, எதிரே அரிசி அப்பம் சுட்டுக்கொண்டிருந்த லாலாவோ அக்காவின் மாவுப் பானையில் விழுந்தது.

"அக்கா, எங்க ஸ்பிரிங்கு..."

"எந்த அப்பத்துல வருதோ, அதைத் தின்னவன்கிட்ட கேட்டுக்கோ!"

திட்டினாலும் கரண்டியால் துழாவி எடுத்துக் கொடுத்தாள். நைவோ தூசியைத் துடைத்து, ஷூவின் மேலிருக்கும் லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்து, மாவும் கையுமாக ஸ்பிரிங்கை மாட்டினான். மேலே மாட்ட வேண்டியதைக் கீழே மாட்டிவிட்டான். ஓட்டிப் பார்த்தால் கீச்சைக் காணோம். அதற்குப் பதில் கன்றைத் தொலைத்த மாடு மாதிரி ஒரு கதறல். ஷூ டிரம்மை விடாமல் உரசியதில் சக்கரத்திலிருந்து புகை வேறு.

"டேய், புகையுதுடா!"

"தூசி வெளிய போகுது மச்சான். நல்லதுதான்."

செவ்வாய்க்கிழமை நைவோவின் பொறுமை போய்விட்டது. கதவுக்கீல் கத்தினால் என்ன செய்கிறோம்? எண்ணெய் விடுகிறோம். இதில் என்ன பெரிய வித்தை? ஸ்பிரிங்கைச் சரியாக மாட்டிவிட்டு, இரண்டு பின்சக்கரத்திலும் லைனிங் முழுக்கக் கிரீஸை வழித்துத் தடவினான்.

"ரொட்டிக்கு ஜாம் தடவுற மாதிரி என்ன அழகு!" என்று ஸாஃபி ரசித்தான்.

சத்தம் போயே போய்விட்டது. மேடுபள்ளமில்லாத தெருவில் மெதுவாக ஓட்டியபோது முன்பிரேக் எப்படியோ வண்டியை நிறுத்தியும் விட்டது. நைவோ விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

புதன்கிழமை மாலை. இறக்கத்தின் உச்சியில் எஞ்சினை அணைத்தான். ஆகா, என்ன அமைதி! தெருக்கோழிகள் கடைசி நொடியில்தான் அலறிப் பறந்தன. வாசல் நெருங்கியதும் பிரேக்கை மிதித்தான். முன்சக்கரம் லேசாக முனகியது. பின்சக்கரம் தன்பாட்டுக்குச் சுழன்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அதுவும் அதே கிரீஸ் ஷூவைத்தான் பிடிக்க வேண்டும், பாவம்.

வண்டி மூங்கில் கதவைத் தள்ளித் திறந்து, முற்றத்தைக் கடந்து, வைக்கோல் போரில் மூக்கைப் புதைத்து நின்றது.

போருக்குப் பக்கத்தில் ரசோலோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ரேடியோ. சத்தத்தை நன்றாகக் குறைத்துவைத்து, அதில் எவனோ சொன்ன வேடிக்கைக்கு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

கீச்சு எப்படியும் கேட்கும் என்று நம்பி உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த பகோலி, சீப்பும் கையுமாக ஓடி வந்தாள்.

"அப்பா, ரேடியோ கேக்குதா உங்களுக்கு?" என்றாள், வாய்க்குள்ளேயே.

"நல்லாவே கேக்குது," என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நைவோ வண்டிக் கதவைத் தள்ளித் திறந்தான். கல்யாணம் போச்சு. வைக்கோலை உதறியபடி இறங்கி, "ஐயா, பிரேக் பிடிக்கல..." என்று இழுத்தான்.

ரசோலோ கைத்தடியோடு எழுந்தார். அவனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லையே என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, தடியால் பின்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

"முட்டாப்பயலே, அந்தக் கீச்சை எதுக்குடா நிறுத்துன? அதைக் கேட்டுத்தானே ஒரு வருஷமா நான் செவிடாகிட்டு இருக்கேன்!"