இடது பக்கம் இழுத்த கார்

உழைத்துத் தேய்ந்தவனைத்தான் உலகம் முதலில் சந்தேகப்படும். சும்மா இருந்தவன் கொழுகொழுவென்று நல்ல பெயரோடு திரிவான். ஆபீசில் பார்த்திருப்பீர்கள், கூட்டுக் குடும்பத்தில் பார்த்திருப்பீர்கள். கார் பிரேக்கிலும் அப்படித்தான் என்று எனக்குப் புரிந்தபோது என் அக்காவின் கல்யாணம் நின்றுபோயிருந்தது.

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் எங்கள் அப்பா பட்டுச்சேலை வியாபாரத்துக்காக ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். ஓட்டுவதும் நான், ரிப்பேர் பார்ப்பதும் நான். (டிப்ளமாவைப் பாதியில் விட்டவனுக்கு வீட்டில் கொடுத்த உத்தியோகம்.) கார் ஒழுங்காகத்தான் போகும். பிரேக்கை மிதித்தால் மட்டும் இடது பக்கம் இழுக்கும்.

அக்காவைப் பெண் பார்க்க தேசூரிலிருந்து வருவதாக முடிவானது. ஏற்கெனவே சில இடங்கள் தட்டிப்போய், அக்காவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இவர்களும் நெசவுக் குடும்பம், ஜாதகமும் பொருந்திவிட்டது. பிடித்திருந்தால் அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

"பஸ் ஸ்டாண்டுலர்ந்து அவங்கள கார்லதான் இட்டுகினு வரணும். அந்த பிரேக்க ஒழுங்கா பார்த்து வைடா" என்றார் அப்பா.

முந்தின நாள் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினேன். இடது பக்கத்து பிரேக் லைனிங் அப்பளமாகத் தேய்ந்து கிடந்தது. வலது பக்கம் புதுசு மாதிரி கனமாக இருந்தது. இழுப்பது இடது, தேய்ந்ததும் இடது, ஆகவே குற்றவாளி இடது. (தறிக்காரன் மூளை. இழை அறுந்த இடத்தில்தானே நாங்கள் முடிச்சுப் போடுவோம்?) இடது பக்கத்துக்கு மட்டும் புது லைனிங் மாட்டி நன்றாக டைட் வைத்தேன்.

காபி கொண்டுவந்த அக்கா குனிந்து பார்த்தாள்.

"ஏன்டா, இந்தப் பக்கம் மட்டும் ஏன் தேயவே இல்ல?"

"அது நல்ல லைனிங்கு க்கா" என்று சொல்லி, வலது பக்கத்தைத் துடைத்து மூடினேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். காலை நேரத்தில் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். ஒரு சேலைக்கான பட்டு இழைகளை எல்லாம் தெரு நீளத்துக்குக் கழிகளில் இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, தறிக்குத் தயார் செய்வார்கள். அன்றைக்கு எதிர்வீட்டுக்காரரின் அரக்குப் பாவு, என் இடது பக்கம்.

ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. மிதித்தேன். நேற்று வரை இழுத்த கார் அன்றைக்குத் தாவியது. ஆள் யாருக்கும் அடியில்லை, ஆட்டுக்கும் இல்லை. பாவு மட்டும் பாதியில் அறுந்து காரின் மூக்கில் சுற்றிக்கொண்டு நின்றது.

"அடப்பாவி! பொழப்பே போச்சேடா!" என்று எதிர்வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

பின் சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, "இன்னா தம்பி, வண்டில பிரேக்கு கீதா, இல்லியா?" என்றார்.

மாப்பிள்ளை கதவைத் திறந்தார். இறங்கினார். பாவைப் பார்த்தார். புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வெயில் ஏர்றதுக்குள்ள முடிஞ்சாகணும்மா. ஜல்தி, நீயும் வா."

அறுந்த பாவைத் தாண்டிப் போக நெசவுக்காரனுக்குக் கால் வராது. அம்மாவும் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன், தெருவே உட்கார்ந்தது. மாப்பிள்ளைக்கு எதிரே எதிர்வீட்டுக்காரரின் மகள். அவர் இழையின் ஒரு முனையை எடுத்து நீட்ட, அவள் மறுமுனையைத் தேடி முடிந்தாள். நல்ல நேரம் போயிற்று. ராகு காலம் வந்து உட்கார்ந்து அதுவும் எழுந்து போயிற்று. வீட்டுக்குள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆறின. மதியம் ஒப்புக்கு உள்ளே வந்து காபி குடித்துவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்றார்கள். வாசலில் அந்த அம்மா யாரையோ கேட்டது என் காதில் விழுந்தது: "எதிர்வீட்டுப் பொண்ணுக்கு கை நல்லா சுருக்கா கீதே, எடம் பார்க்கறாங்களா?"

சாயங்காலம் வலது சக்கரத்தைக் கழற்றி, அப்பாவைப் பிரேக் மிதிக்கச் சொன்னேன். வலது பக்கம் அசையவே இல்லை. சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தது. அந்தப் பக்கம் வேலையே செய்யாததால்தான் தேயவில்லை. இரண்டு பேர் வேலையையும் இடதுதான் செய்து தேய்ந்திருக்கிறது. அதற்குத்தான் நான் இன்னும் பலம் ஏற்றியிருந்தேன். துருவை எமரி பேப்பரால் தேய்த்து, ரப்பரை மாற்றி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி லைனிங் போட்டு, பிரேக் ஆயிலில் இருந்த காற்றை எடுத்தேன். கார் நூல் பிடித்த மாதிரி நின்றது. அதில் ஏற்றிவரத்தான் ஆளில்லை.

தையில் கல்யாணப் பத்திரிகை வந்தது, எதிர்வீட்டிலிருந்து. அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்த இடமெல்லாம் 'பாவு அறுந்த வீடு' என்று கேள்விப்பட்டு ஒதுங்கிக்கொண்டது. அக்கா டீச்சராகிப் பெரணமல்லூருக்குப் போய்விட்டாள், தனியாகவே.

அந்தத் தம்பதிக்கு இன்றும் நான்தான் தரகன். அவர்கள் மகள் கல்யாணத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு வேட்டி கொடுத்து, "எங்களை சேர்த்து வெச்ச பிரேக்கு இவருதான்!" என்றார் அந்தத் தேசூர் மாப்பிள்ளை. மண்டபமே சிரித்தது. அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

திரும்பும்போது காரில் அவளிடம், "உனக்கு என் மேல கோவமே வர்லியாக்கா?" என்று கேட்டேன்.

வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கு அவரு குனிஞ்சி இழை முடிஞ்சத, ஜன்னல்லர்ந்து நானும் பார்த்துகினுதான்டா இருந்தேன். எனக்கும் அப்பவே புடிச்சிப்போச்சி."