எக்ஸ்ரேக்காரர் ஓட்டாத பைக்

ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி காலை பதினொன்றே காலுக்கு, வங்கியின் முதல் மாடியில், மூன்றாவது மேசையில், ஒரு வீட்டுக்கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

விண்ணப்பித்தவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவருடைய எலும்பை இன்னொருவர் பெயரில் ஒட்டி அனுப்பியதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. அங்கே அவரை எல்லோரும் எக்ஸ்ரே என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர்கூட வாடகை ரசீதில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்.

"நீங்க பைக் லோன் கட்டலையே சார்," என்றார் கடன் பிரிவு அதிகாரி. அந்த அம்மாள் கண்ணைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கவில்லை.

"எந்த பைக்?"

"அதை நீங்கதான் சொல்லணும். நாலு வருஷம் முன்னாடி எடுத்திருக்கீங்க. மூணு தவணையோட நிறுத்திட்டீங்க."

"மேடம், எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"ஓட்டத் தெரியுமான்னு கிரெடிட் ரிப்போர்ட்ல போட மாட்டாங்க சார். கட்டினீங்களான்னுதான் போடுவாங்க."

கேட்டது பெரிய பங்களாவுக்கான கடன் அல்ல. பதினான்கு வருடமாகக் குடியிருக்கும் அதே தரைத்தள வீட்டை வாங்குவதற்குத்தான். வீட்டுக்காரர் விற்கப் போகிறார். பழகிய தோஷத்துக்காக ஆகஸ்ட் முடிய அவகாசம் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு வீடு, அதை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்டக் காத்திருக்கும் ஒருவருக்கு. எக்ஸ்ரேயின் மனைவிக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை ஆகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கைக்கு எட்டின வாடகையில் கிடைத்த வீடெல்லாம் மூன்றாவது மாடியிலும் நான்காவது மாடியிலும் இருந்தன. லிஃப்ட் இருந்த இடத்தில் வாடகையும் மேலே போயிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் போட்ட இடம் வலித்த பிறகுதான் நிறுத்தினாள்.

"நீங்க? பைக்கா? ஆட்டோவுலயே நடுவுல உக்காந்து ரெண்டு கம்பியையும் பிடிச்சுக்கிற ஆளு!"

"சிரிக்காதே. எவனோ என் பேர்ல இருக்கான். பொறந்த தேதியும் ஒண்ணு."

"அவனாவது ஊரைச் சுத்தியிருக்கான்," என்றாள் மனைவி.

கடன் அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்தார். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள்.

"அந்த ஆள் நீங்க இல்லைன்னு நிரூபிக்கணும் சார்."

"நான் நான்தான்னு நிரூபிக்கலாம். நான் அவன் இல்லைன்னு எப்படிம்மா நிரூபிக்கிறது?"

"உங்ககிட்ட இருக்கிற ஆதாரம் எல்லாத்தையும் இணைச்சுப் புகார் அனுப்புங்க சார். முப்பது நாள்ல பதில் வரும்."

இருக்கிற எல்லாவற்றையும் தேடி எடுத்து இணைக்கவே இரண்டரை வாரம் ஆனது. மருத்துவமனை அடையாள அட்டை, மின்கட்டண ரசீது, பதினான்கு வருட வாடகை ரசீதுகள். அனுப்பிய இருபத்தெட்டாவது நாளே பதில் வந்தது. புகார் பரிசீலிக்கப்பட்டு விவரங்கள் புதுப்பிக்கப்பட்டுவிட்டன என்று எழுதியிருந்தது. எக்ஸ்ரே புது அறிக்கையை எடுத்துப் பார்த்தார். பைக் கடன் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு முகவரியை அடுத்து, அவருடைய வீட்டு முகவரியும் ஏறியிருந்தது. 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் 'எக்ஸ்ரே' என்று போட்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கு," என்றாள் மனைவி. "போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டுற படத்துக்குக் கீழே போடற மாதிரி."

நான்காம் நாள் வசூல்காரர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு ஃபைல். மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மரியாதையாக உட்கார்ந்து, "வண்டி எங்க சார்?" என்றார்.

"நான் அந்த ஆள் இல்லைங்க."

"எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க. பேரு உங்களோடதுதானே?"

"ஆமா, ஆனா..."

"பொறந்த தேதி?"

"அதுவும்தான்."

"அப்புறம் எதுல சார் நீங்க வேற ஆள்?"

எக்ஸ்ரே மருத்துவமனை அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதிலும் அதே பெயர், அதே தேதி என்று வசூல்காரர் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, நான் வந்தேன், உங்களைப் பார்த்தேன்னு மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க. ஆபீஸ்ல காட்டணும். எனக்கும் மேல ஆள் இருக்கான் சார்."

பாவம், பிழைப்புக்கு வந்த மனிதன் என்று போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் வங்கிக்குப் போனபோது அதிகாரி முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? 'கடனாளி நேரில் சந்திக்கப்பட்டார், கடனை ஒப்புக்கொண்டார்'னு ஏறியிருக்கு. ஸ்கோர் இன்னும் எண்பது இறங்கிடுச்சு."

"நான் எங்க ஒப்புக்கிட்டேன்?"

"சும்மா இருந்திருந்தா இவ்வளவு கெட்டிருக்காது."

"சும்மா இருந்தா வீடு போயிடும் மேடம். இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கு."

அதிகாரி பக்கத்து மேசையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. புகார் கொடுத்தா ஃபைல் பெருக்கத்தான் செய்யும். கடனை அடைச்சுட்டா ஒரே வாரத்துல மூடிடுவாங்க. யார் அடைச்சதுன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. அந்த ஆளைப் பிடிச்சுக் கட்ட வைங்க."

பிடிப்பதற்கு வழி அறிக்கையிலேயே இருந்தது. அந்த இன்னொரு முகவரி. ரயில் பாதைக்கு அந்தப்புறம் ஒரு சந்து. எக்ஸ்ரே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், பெயரைச் சொன்னதுமே, "அவரா? கடைத்தெருவுல பெரிய மருந்துக்கடை இருக்கே, அங்க கல்லாவுல இருப்பாரு," என்றாள்.

மருந்துக்கடையில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். கல்லாவில் ஒல்லியாக ஒருவர், மூக்குக் கண்ணாடியை ரப்பர் பேண்டால் இறுக்கிக்கொண்டு சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாகத் தன் தூக்கத்தைக் கெடுத்தவன் முரடனாக இருப்பான் என்று எக்ஸ்ரே எதிர்பார்த்திருந்தார். ஏமாற்றமாக இருந்தது. அதனால் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"பைக் லோன் வாங்கிட்டு இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டா விட்டுடுவாங்களா?"

சில்லறை எண்ணுவது நின்றது. "சார், அது நான் இல்லை."

"எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்லுவாங்க! பேரு உங்களோடதுதானே?"

"ஆமா சார், ஆனா..."

"பொறந்த தேதி?" எக்ஸ்ரே தன் பிறந்த தேதியைச் சொன்னார்.

"அதுதான். ஆனா நான் சொல்றதை..."

"அப்புறம் என்ன ஆனா? உங்களால என் வீடு போகப் போகுதுய்யா! நடக்க முடியாத பொம்பளையை வெச்சுக்கிட்டு நான் எங்க போறது?"

வரிசையில் நின்ற ஒருவர் நீட்டிய பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளி உள்ளேயிருந்து வந்தார். எக்ஸ்ரே அறிக்கையை எடுத்து முகவரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். முதலாளி அதைப் படித்தார், கல்லாவைப் பார்த்தார், கல்லாக்காரரைப் பார்த்தார்.

"கல்லாவுல உக்கார்ற ஆள் மேல இப்படி ஒண்ணு இருக்கலாமாப்பா? பத்து நாள் தரேன். அடைச்சுட்டு ரசீதைக் காட்டு. இல்லைன்னா வேற இடம் பார்த்துக்கோ."

"முதலாளி, பதினோரு வருஷமா..."

"அதனாலதான் பத்து நாள்."

வெளியே வந்த எக்ஸ்ரேக்கு நெடுநாள் கழித்துப் பசித்தது.

எட்டாம் நாள் மாலை கல்லாக்காரர் வீடு தேடி வந்தார். எக்ஸ்ரேயின் மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து, மடிப்பை நீவி, மேசை மேல் வைத்தார்.

"வட்டியோட கட்டிட்டேன் சார். முதலாளிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறார்."

"சொல்றேன். இதை முன்னாடியே பண்ணியிருக்கலாம்ல?"

"கட்டினது நான்தான் சார். கடன் என்னுது இல்லை."

எக்ஸ்ரே பெரிய மனதோடு புன்னகைத்தார். "பரவாயில்லை, விடுங்க. முடிஞ்சுபோன விஷயம்."

கல்லாக்காரர் தெருமுனை திரும்பும் வரை மனைவி ஜன்னலருகே நின்றாள்.

"பஸ் ஸ்டாப்புக்குத்தான் போறாரு. பைக் எங்கே?"

"வித்துத் தின்னிருப்பான்."

"கழுத்துல மெடிக்கல் ஷாப் சாவியை மாட்டிட்டிருக்கிற ஆளு. பார்த்தா அப்படித் தெரியலையே."

"பார்த்தா தெரிஞ்சா நான் எதுக்குடி எக்ஸ்ரே எடுக்கிறேன்?" என்றார் அவர்.

மறுநாளே மருந்துக்கடைக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொன்னார். முதலாளி நன்றி சொன்னார். கல்லாவுக்கு எதற்கும் இருக்கட்டும் என்று தன் மச்சானை உட்கார வைத்துவிட்டதாகவும், இவரைக் குடோனில் போட்டிருப்பதாகவும் சொன்னார். எக்ஸ்ரேக்கு அன்று வேலை அதிகம். பதினேழு நெஞ்சு, ஆறு முழங்கால்.

ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. அறிக்கை சுத்தமாகிவிட்டது. கடன் அனுமதியாகிவிட்டது. மூன்றாவது மேசை அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களைப் பக்கத்து மேசைக் குமாஸ்தா ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். முப்பத்தோராவது கையெழுத்தில் நிறுத்தி, ஃபைலுக்கு அடியிலிருந்து ஒரு காசோலையை உருவினார்.

"இதுவும் உங்களுக்குத்தான் சார். பைக் கம்பெனி அனுப்பியிருக்கு."

"எனக்கா? எதுக்கு?"

குமாஸ்தா, காசோலையோடு இருந்த கடிதத்தைப் படித்துப் பார்த்தார். "வண்டி எடுத்த ஆளை ஜூலையிலேயே துறைமுகத்துப் பக்கம் பிடிச்சுட்டாங்களாம், அவரும் உங்க பேர்தான், மொத்தத்தையும் கட்டிட்டாராம், அது ஃபைல்ல ஏறுறதுக்குள்ள யாரோ மருந்துக்கடை ஆள் ஒருத்தர் இன்னொரு தடவை கட்டியிருக்கார், ஃபைல்ல கடைசியா ஏறின முகவரி உங்களோடதுங்கிறதால அந்தப் பணத்தை உங்களுக்குத் திருப்பிட்டாங்க. தப்புன்னு நினைச்சா ஒரு புகார் எழுதிக் கொடுங்க சார், ஆனா ஃபைல் மறுபடி திறக்கும், லோன் நிக்கும்."

வீடு இருபத்தொன்பதாம் தேதி பதிவானது.