மீனுக்குப் பொதுநிறம் தெரியுமோ?

ஈபிள் கோபுரத்துக்குப் பிறகு பாரிஸ் மாநகரம் தலைநிமிர்ந்து நின்றது ஒரே ஒரு நாள்தான். 2014இல் எங்கள் லா சப்பல் அறிவொளிக் கழகம், 'மீன்கள் நிறத்தை எப்படிப் பார்க்கின்றன?' என்னும் மாபெரும் கருத்தரங்கை ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் மேல்மாடியில் நடத்திய நாள். செயலாளர் என்ற முறையில் நானே அதற்குச் சாட்சி.

தலைமை, அரியரத்தினம் அண்ணை. நிறத்தைப் பற்றிப் பேச அவரைவிட்டால் பிரான்சில் ஆளில்லை. அவர் கடையில் விற்பது முழுக்க முகம் வெளுக்கும் கிறீம். பேச்சாளர் மிருணாளினி, மீன்களின் கண்ணை ஆராய்ந்து டொக்டர் பட்டம் வாங்கிய பிள்ளை. அவளும் தலைவரின் மகன் தனோஜனும் படிக்கிற காலத்திலிருந்தே ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். கல்யாணத்துக்கு அவனுடைய தாய் நாகேஸ்வரி அக்காவின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. வீட்டுக்குப் போய்ப் பொம்பிளை பார்ப்பது 'பிற்போக்கு' என்று கழகம் ஏற்கெனவே தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஆகவே முற்போக்கான முறையில், பொம்பிளையை மேடையில் ஏற்றி, கையில் மைக்கைக் கொடுத்துப் பார்த்தோம்.

நாகேஸ்வரி அக்கா மகனோடு முன்வரிசையில் அமர்ந்ததும், மஞ்சள் விளக்கை அணைத்து வெள்ளை விளக்கைப் போடச் சொல்லி எனக்கு ஆளனுப்பினார். விஞ்ஞானத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

மிருணாளினி அருமையாகப் பேசினாள். மனிதர் கண்ணில் நிறம் பிரிக்கும் கலங்கள் மூன்று வகையாம், தங்கமீனுக்கு நாலாம். நாங்கள் காணாத புறஊதாவும் அதற்குத் தெரியுமாம். பின்வரிசையிலிருந்து ஒருவர், லா சப்பல் தமிழ்க் கடைகளில் வாங்கும் மீனுக்கு மட்டும் ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்டார். அது சுகாதாரக் கேள்வி என்று நான் நிராகரித்தேன்.

பிறகு நாகேஸ்வரி அக்கா எழுந்தார்.

"பிள்ளை, மீனுக்குப் பொதுநிறம் தெரியுமோ?"

பிரான்சில் பிறந்த பிள்ளை, பாவம், யோசித்தது. "பொதுநிறம் எண்டு ஒரு நிறம் இல்லையே, அன்ரி. எந்த நிறத்தைச் சொல்றியள்?"

"உம்மட நிறத்தைத்தான்."

எங்கள் பண்பாட்டின் மென்மையை இங்கே கவனிக்க வேண்டும். கறுப்பு என்றால் மனம் புண்படும். பொதுநிறம் என்றால் பொதுவிலேயே சொல்லலாம்.

பிள்ளை கெட்டிக்காரிதான், ஆனால் பிறக்கப்போகிற பேரப்பிள்ளைகளையும் யோசிக்க வேண்டுமே என்று அக்கா தொடர்ந்தார். தலைவர் உடனே எழுந்து, பேச்சாளருக்குக் கழகத்தின் சார்பில் ஒரு பெட்டி கிறீம் 'அன்பளிப்பு' என்று அறிவித்து, அதை அவள் கையில் கொடுத்தார்.

மிருணாளினி தனோஜனைப் பார்த்தாள். அவன் தாயைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான், பிறகு கைபேசியைப் பார்த்தான்.

"ஸே பா கிராவ்," என்றான். பரவாயில்லையாம். யாருக்கு என்று சொல்லவில்லை.

நிலைமையைச் சமாளிக்க நான் மைக்கைப் பிடித்தேன். "மீனுக்கும் எங்கட ஆக்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில சொல்லி முடியுங்கோ, தங்கச்சி."

அவள் இறங்கி வந்து கிறீம் பெட்டியைத் தனோஜனின் மடியில் வைத்தாள்.

"மீனுக்கு முள்ளந்தண்டு இருக்கு, அண்ணை."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். சபை அந்த விஞ்ஞான உண்மையைக் கரகோஷத்துடன் ஏற்றுக்கொண்டது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் தனோஜன்.